தலைக்காசு

ஒருவனை அழைத்துச் சென்று ஓரிடத்தில் வேலைக்குச் சேர்ப்பித்தவன் அதன்பொருட்டு ஒருமுறை பெறும் பணத்தைத் தரகு என்கிறோம். சேர்ந்தவன் அங்கே உழைக்கும் நாளெல்லாம், அவன் உழைப்பின் பேரால் சேர்ப்பித்தவன் கைக்கு ஓயாது வந்துகொண்டிருக்கும் பணத்துக்கு அப்பெயர் போதாது. மலாயாத் தோட்டங்களில் அதற்கெனத் தனிச்சொல்லே வழங்கிற்று. அதுவே தலைக்காசு. தாம் சேர்த்துவிட்ட வாடிக்கையாளர் பொருள் வாங்குந்தோறும் தமக்கொரு பங்கு கிடைக்கும் வாணிக முறையை இந்நாளில் புதுமை என்று வியப்போர் உண்டு. அதன் கணக்கு நம் பாட்டன்மார் பால்மரக் காட்டில் நாள்தோறும் கண்ட கணக்குத்தான்.

கண்ணால் கண்டு மேற்பார்ப்பவன் என்னும் பொருளுடைய கண்காணி என்ற சொல்லே கங்காணி எனத் திரிந்தது. இலங்கையின் காப்பித் தோட்டங்களிலே வேரூன்றிய கங்காணி முறை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாயாவுக்கும் வந்தது. அந்நாளில் வெல்லெஸ்லி மாநிலத்துக் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலி முறை நிலவிற்று. ரப்பர் பெருகியபோது ஒப்பந்த முறை மெல்லமெல்லத் தேய்ந்தது. 1910-ஆம் ஆண்டில் அதற்குத் தடையும் வந்தது. அதன்பின் தமிழ்நாட்டிலிருந்து ஆள் சேர்க்கும் பெரும்பொறுப்பு கங்காணியின் தோளில் ஏறிற்று.

கங்காணி அயலான் அல்லன். தோட்டத்திலேயே வேலை செய்பவன். துரை அவனிடம் பணங்கொடுத்துச் சொந்த ஊருக்கு அனுப்புவார். அவன் தன் உற்றார் உறவினரையும் ஊராரையும் கூட்டிக்கொண்டு மீள்வான். பிற்காலத்தில் இதற்கு உரிமச்சீட்டு வேண்டியிருந்தது. மலாயாவில் பெற்ற சீட்டைக் கொண்டுசென்று, ஊர் மணியக்காரரின் சான்று பெற்று, நாகப்பட்டினத்திலோ சென்னையை அடுத்த ஆவடியிலோ இருந்த முகாமில் ஆட்களை ஒப்படைத்துக் கப்பலேற்ற வேண்டும். கொண்டுவந்த ஒவ்வோர் ஆளுக்கும் இவ்வளவு என்று அவனுக்குத் தரகு உண்டு. அது ஒருமுறை வருமானம். அத்துடன் நின்றிருப்பின் கங்காணி வெறுந் தரகனாகவே இருந்திருப்பான்.

நிற்கவில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது, அவன் கூட்டத்திலிருந்து வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் நாளொன்றுக்கு இரண்டு காசு அவன் கணக்கில் ஏறும். இரண்டு காசு எம்மட்டு என்று எண்ணிவிடலாகாது. 1920-களின் இறுதியில் போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என வரையறுத்திருந்தனர். இருபத்தைந்து பேரைக் கொண்டுவந்த கங்காணிக்கு அன்றாடத் தலைக்காசு 50 காசு. அதாவது, கத்தியைத் தொடாமலே ஓர் ஆணின் முழுநாட் கூலி. நூறு பேரை உடையவனுக்கு நாளொன்றுக்கு இரண்டு வெள்ளி. மாதத்தில் இருபத்தைந்து நாள் வேலை நடப்பின் ஐம்பது வெள்ளி. மேற்பார்வைக்குரிய சம்பளம் இதனின் வேறு. தோட்டத்தில் கடை வைத்திருந்த கங்காணிகள் அரிசியும் கருவாடும் கடனுக்குக் கொடுத்துப் பெற்ற ஆதாயமோ இன்னும் வேறு.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் துரைமார்க்கு நன்கு தெரியும். கங்காணிக்கு மாதச் சம்பளம் மட்டும் கொடுத்தால் பத்துப்பேர் வராவிட்டாலும் அவனுக்கு இழப்பில்லை. தலைக்காசு கொடுத்தாலோ, லயத்தில் ஒருவன் காய்ச்சலோடு சுருண்டு கிடப்பின் படுத்தவனுக்குக் கூலி போகும். கங்காணிக்கும் இரண்டு காசு போகும். ஆதலின் இருட்டோடு எழுந்து கதவைத் தட்டுதலும், தலைவலி என்பவனை அதட்டுதலும் அவன் சொந்த வேலையாகவே ஆகிவிட்டன. மலைக்காய்ச்சல் மலிந்திருந்த அக்காலத்துத் தோட்டங்களில் இவ்வதட்டலின் விலை என்ன என்பதை விளக்கவேண்டுவதில்லை. அதட்டுகிறவன் மாமனாகவோ சிற்றப்பனாகவோ இருந்தமையால் எதிர்த்துப் பேசவும் வழியில்லை.

அந்த இரண்டு காசு யாருடைய பணம் என்பதும் கேட்கத்தக்கதே. ஏட்டில் அது தோட்டத்துச் செலவு. ஆனால் ஓராளுக்கு ஆகும் மொத்தச் செலவைக் கணக்கிட்டே துரைமார் கூலியை வரையறுத்தனர். ஐம்பது காசு பெறுபவனுக்குத் தோட்டம் செலவிட்டது ஐம்பத்திரண்டு. எஞ்சிய இரண்டும் அவன் உழைப்பில் விளைந்தவையே.

எனினும் கங்காணியை முற்றும் கொடியவனாகத் தீட்டுவது வரலாறாகாது. ஆட்கள் நிலைத்திருந்தால்தான் அவனுக்கு வருவாய். ஆகவே குடிசை ஒழுகினாலும் கூலி தாழ்ந்தாலும் துரையிடம் சென்று வாதாடியவனும் அவனே. திருமணம், சாவு, கோயில் திருவிழா ஆகிய யாவற்றுக்கும் முன்னின்றவனும் அவனே. மனக்கசப்புற்ற கங்காணி தன் கூட்டத்தோடு அடுத்த தோட்டத்துக்குப் பெயர்ந்துவிடக்கூடும் என்ற அச்சம் துரைக்கும் இருந்தது. இலங்கையில் இவ்வச்சம் துண்டு என்னும் கடன்சீட்டாக உருவெடுத்தது. கூட்டத்தின் கடனை அதில் எழுதிவைப்பர்; கடனைத் தீர்க்க முன்வரும் தோட்டத்துக்கு ஆட்கள் மாறுவர். 1921-ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. அங்கே பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிகளும் இருந்தமையால் தலைக்காசு படிப்படியாகப் பங்கிடப்பட்டது.

மலாயாவில் துரைமாரை வருத்தியது வேறொரு தொல்லை. ஒருவர் செலவிட்டு வரவழைத்த ஆட்களை மற்றொரு தோட்டத்தார் ஆசைகாட்டி இழுத்துக்கொள்வர். வரவழைத்தவர்க்குப் பணநட்டம்; இழுத்தவர்க்குச் செலவின்றி ஆள். இப்பூசலைத் தீர்க்க 1907-இல் தமிழர் குடிநுழைவு நிதி ஏற்பட்டது. தமிழ்த் தொழிலாளரை வைத்திருந்த முதலாளிமார் எல்லாரும், ஆட்கள் வேலைசெய்த நாட்களின் அளவுக்கேற்ப அந்நிதிக்கு வரி செலுத்தவேண்டும். கப்பற் செலவும் பிறவும் அதிலிருந்து வழங்கப்பட்டன. வந்திறங்கிய தொழிலாளிக்குப் பயணக் கடன் இல்லை. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து அவன் விலகலாம். சட்டத்தால் அவன் விடுதலை பெற்றவனே. ஆயினும் உறவும் கடைக்கடனும் கங்காணியின் சொல்லும் அவனைக் கட்டிவைத்தன. தலைக்காசோ கட்டிவைத்தலையே ஆதாயமாக்கிற்று.

1930-இல் ரப்பர் விலை வீழ்ந்தபோது இவ்வருமானத்தின் அடித்தளம் ஆட்டங்கண்டது. ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் தாயகம் திருப்பி அனுப்பப்பட்டனர். ஒவ்வொரு கப்பல் புறப்பட்டபோதும் எத்தனையோ கங்காணிகளின் தலைக்கணக்குக் குறைந்தது. 1934-இல் வாயில் மீண்டும் திறந்தபோது பெரும்பாலோர் கங்காணியின் துணையின்றித் தாமே வந்தனர். முன்னரே வந்து குடியேறிய அண்ணனின் கடிதம் அவர்களுக்குப் போதுமானதாயிற்று.

1936 டிசம்பரில் மலாயாவுக்கு வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்த சீனிவாச சாஸ்திரியார், கங்காணிவழி ஆள்சேர்ப்பைக் கைவிடவேண்டும் என்று 1937-இல் வெளியான தம் அறிக்கையில் பரிந்துரைத்தார். மறுவருடம் தோட்ட முதலாளிகள் கூலியைக் குறைக்க முற்பட்டனர். அதனையொட்டி, உதவிபெற்றுச் செல்லும் உடலுழைப்புத் தொழிலாளரின் பயணத்தை இந்திய அரசாங்கம் 1938 ஜூன் மாதத்தில் தடைசெய்தது.

ஆள் கொண்டுவரும் வேலை அத்துடன் போயிற்று. கங்காணி, தோட்டத்தில் மேற்பார்வையாளனாக மட்டும் எஞ்சினான். பின்னர் அவ்விடத்தை மண்டோர் என்ற சொல் பிடித்துக்கொண்டது. கங்காணி என்பது முதியோர் பேச்சிலும், யாருடைய கூட்டத்தில் வந்தோம் என்று சொல்லும் குடும்பக் கதைகளிலும் தங்கிவிட்டது.