நாலந்தா வழியே ஒரு வைத்திய வீதி: மருத்துவ மாணவர்களின் தொண்டும் நிதி திரட்டலும்

ஏ9 வீதியால் கண்டிக்குப் போய் வருபவர்களுக்கு நாலந்தா என்பது பேருந்து ஜன்னலுக்கு வெளியே கடந்துபோகும் ஓர் ஊர். தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் இடையில், நாவுலவைத் தாண்டியதும் வரும். வாசனைத் திரவியத் தோட்டங்களின் பெயர்ப்பலகைகள், வீதியோரக் கடைகள், உள்ளே சற்றுத் தள்ளி நாலந்தா கெடிகே. பல்லவர் கட்டடக்கலையின் சாயல் கொண்ட அந்தக் கற்கோயில், மகாவலித் திட்டத்தின் போவத்தன்ன நீர்த்தேக்கத்துக்காக 1970களில் கல் கல்லாகக் கழற்றப்பட்டு, உயர்ந்த இடத்தில் மீண்டும் அடுக்கப்பட்டது. சுற்றுலாக் கையேடுகள் சொல்வது இவ்வளவுதான்.

இந்த வீதிக்கு இன்னொரு வரலாறு உண்டு. அது நோயின் வரலாறு. 1820களில் தொடங்கி பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும், தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைவரை காட்டுப்பாதையில் கால்நடையாகவே வந்தார்கள். வாந்திபேதி, அம்மை, வயிற்றுளைவு, மலேரியாக் காய்ச்சல் என்று வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். நடக்க முடியாதவரை விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்தது. தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்துகொடுக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வருவதற்கு 1872 ஆகிவிட்டது. அந்த வடபாதையால் ஆட்களைக் கொண்டுவருவது 1899இல்தான் நின்றது. 2023ஆம் ஆண்டு ஜூலை 28 அன்று, மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்த நடைபயணம் அந்தப் பாதையைத்தான் மீண்டும் மிதித்தது.

மருத்துவ மாணவர்கள் ஊருக்குள் இறங்கித் தொண்டு செய்வது, வைத்தியசாலைக்குப் பணம் சேர்ப்பது என்ற செய்திகளை இப்போது அடிக்கடி வாசிக்கிறோம். அதை இந்த வீதியில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. இலங்கையின் முதலாவது அரச மருத்துவக் கல்லூரி பிறந்ததே இந்த வீதியின் வட முனையில் கிடந்த நோயால்தான்.

வன்னியில் தொடங்கிய கதை

1860களில் வன்னியில் சனத்தொகை குறைந்துகொண்டே போனது. பறங்கிப் புண் என்று நம் ஊர்களில் அழைக்கப்பட்ட நோய் கிராமம் கிராமமாகப் பரவியிருந்தது. காரணத்தை ஆராய அரசாங்கம் வைத்தியர் ஜேம்ஸ் லூஸ் என்பவரை அனுப்பியது. நோயை அடக்க வேண்டுமானால் உள்ளூரிலேயே வைத்தியர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்பது அவருடைய பரிந்துரை. ஆளுநர் சேர் ஹேர்குலிஸ் ரொபின்சன் காலத்தில், 1870இல், கொழும்பு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. லூஸ் அதன் முதல் அதிபரானார். வன்னிக் கிராமத்தவரின் துயரம்தான் அந்தக் கல்லூரியின் வித்து. இன்றைக்கு வன்னியில் ஒரு விசேட வைத்திய நிபுணரைக் காண எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்று யோசித்தால் இந்த வரலாறு சற்றுக் கசக்கும்.

யாழ்ப்பாணத்தில் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1840களின் இறுதியில் மானிப்பாயில் வைத்தியசாலையும் மருத்துவக் கல்வியும் தொடங்கி, பின்னர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1873இல் நாடு திரும்பும்வரை அறுபதுக்கு மேற்பட்டவர்களைப் பயிற்றுவித்தார். மேலைத்தேய மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். நோயாளியின் மொழியில் வைத்தியம் படித்தவனால்தான் கிராமத்தில் வேலை செய்ய முடியும் என்பது அவருடைய கொள்கை. இன்றைய யாழ். போதனா வைத்தியசாலையின் வேரும் பொதுமக்களின் நன்கொடையில்தான் இருக்கிறது. 1850இல் அரசாங்க அதிபர் டைக் காலத்தில் தொடங்கப்பட்ட அந்த வைத்தியசாலையை நடத்தியது, ஏழைகளுக்கு உதவவென்று பணம் சேர்த்த 'ஆபத்தில் நண்பர்' சங்கம். 1907இல்தான் அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது. நிதி திரட்டல் நமக்குப் புதிதல்ல.

1978இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடம் வந்தது. பேராதனைக்கு 1962இலேயே வந்துவிட்டது. யாழ். மருத்துவபீடத்தின் முதல் முப்பது ஆண்டுகளில் பெரும்பகுதி போர்க்கால ஆண்டுகள். மருந்துத் தடை, மின்சாரமின்மை, ஷெல் வீச்சு, 1995 ஒக்டோபர் இடப்பெயர்வு எல்லாவற்றுக்கும் நடுவில் படித்தவர்கள் அவர்கள். உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த கலாநிதி ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21இல் வீதியில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் மனவடுவைப் பதிவு செய்ததோடு, ஆசிரியர்களையும் கிராமத் தொண்டர்களையும் பயிற்றுவித்து, வைத்தியரைக் காணாத இடங்களுக்கும் உளவளத்துணையைக் கொண்டுபோகும் வழியைக் காட்டினார். வைத்தியர் போதாத இடத்தில் வைத்தியர் அல்லாதவரால் எவ்வளவு செய்ய முடியும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு அந்த அனுபவத்தைவிட நல்ல பாடநூல் நம்மிடம் இல்லை.

மாணவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது

மருத்துவபீட மாணவர் ஐந்து ஆண்டுகள் படித்து, ஓராண்டு உள்ளகப் பயிற்சி முடித்து, இலங்கை மருத்துவ சபையில் முழுப் பதிவு பெற்ற பின்னரே சுயமாக வைத்தியம் பார்க்கலாம். அதற்கு முன் மருந்து எழுதிக்கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. ஆகவே 'மருத்துவ மாணவர்களின் இலவச வைத்திய முகாம்' என்று அறிவித்தல் கண்டால், அங்கே பதிவு பெற்ற வைத்தியர் ஒருவர் இருக்கிறாரா என்று கேட்பதில் தவறில்லை. பெரும்பாலும் இருப்பார்.

மாணவர் செய்யக்கூடியது குறைவல்ல. சமுதாய மருத்துவம் என்ற பாடத்துக்காக அவர்கள் எப்படியும் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளுக்குப் போகிறார்கள். பொதுச் சுகாதார பரிசோதகருடனும் குடும்பநல உத்தியோகத்தருடனும் வீடு வீடாக நடக்கிறார்கள். இரத்த அழுத்தம் பார்ப்பது, நீரிழிவுக்கு விரல் நுனியில் இரத்தம் எடுத்துப் பார்ப்பது, பிள்ளையின் நிறையை வளர்ச்சிப் பதிவேட்டில் குறிப்பது, கிளினிக் திகதியைத் தவறவிட்டவரைத் தேடிப்போய்ச் சொல்வது, டெங்கு நுளம்பு பெருகும் இடங்களைக் காட்டுவது. இவற்றுக்குப் பட்டம் வேண்டாம், பொறுமை வேண்டும்.

இன்னொன்று இருக்கிறது, அதற்குச் செலவே இல்லை: மொழி. மாத்தளை மாவட்டத்தில் இறத்தோட்டை, எல்கடுவைப் பக்கத் தோட்டங்களிலிருந்து வரும் தமிழ்த் தாய், பெரிய வைத்தியசாலையில் தன் வயிற்றுவலி எந்தப் பக்கம், எப்போதிருந்து என்று சொல்லத் தெரியாமல் தலையாட்டிவிட்டு வருகிறாள். கொடுத்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா குடிப்பது என்பதும் அவளுக்குத் தெளிவாகவில்லை. அந்த இடத்தில் நிற்கும் ஒரு தமிழ் மாணவரோ, தமிழ் கற்றுக்கொண்ட ஒரு சிங்கள மாணவரோ செய்யும் பத்து நிமிட உதவி, ஒரு இயந்திரத்தைவிடப் பெறுமதியானது. தமிழ் ஒரு அரச கரும மொழி. ஆகவே இது உண்மையில் அரசின் கடமை. மாணவர் அந்த ஓட்டையை அடைக்கிறார் என்பதையும் மறக்கக்கூடாது.

சிறுநீரகமும் பேருந்துக் கட்டணமும்

இந்த வீதியோரத்தில் இன்றைக்கு மிகப் பெரிய தேவை எது என்று கேட்டால், என் கணிப்பில் அது சிறுநீரக நோய். 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனிக்கப்பட்ட, காரணம் இன்னும் ஐயமறத் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய், மதவாச்சி, பதவியா, மெதிரிகிரிய என்று பரவலாக அறியப்பட்டது. மாத்தளை மாவட்டத்தின் வில்கமுவ, வடக்கே வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளிலும் நோயாளர் இருக்கிறார்கள். பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோர் வயலில் வேலை செய்பவர்கள். சிங்கள விவசாயியும் தமிழ் விவசாயியும் ஒரே நோயால் படுத்திருக்கும் அபூர்வமான நிலப்பரப்பு இது.

நோயின் கொடுமை, ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் இல்லாதது. இரத்தத்தில் கிரியற்றினின் அளவையும் சிறுநீரில் புரதத்தையும் பார்த்தால்தான் தெரியும். முற்றிய பின் வழமையாக வாரத்தில் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ நான்கு மணிநேரம், இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அரச வைத்தியசாலையில் அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் வாரத்தில் மூன்று தடவை போய்வரும் செலவு, கூடப்போகும் மகனோ மனைவியோ இழக்கும் மூன்று நாட் கூலி, சாப்பாடு, சில வேளைகளில் வெளியில் செய்யவேண்டிய பரிசோதனை. இலவச வைத்தியம் என்பது வைத்தியசாலை வாசல் வரைக்கும் நம்மைக் கொண்டுவந்து விடுவதில்லை. முல்லைத்தீவின் உட்கிராமத்தில் இருக்கும் ஒருவருக்கு அந்த வாசல் எவ்வளவு தூரம் என்று வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே மாணவர்கள் ஒரு கிராமத்தில் சிறுநீரகப் பரிசோதனை முகாம் நடத்தினால், முதலாவது கேள்வி: நோய் இருப்பதாகத் தெரியவந்தவர் நாளைக்கு எங்கே போவார்? கிளினிக்கில் அவருடைய பெயர் பதியப்பட்டதா? ஆறு மாதம் கழித்து யாராவது தேடினார்களா? பின்தொடராத பரிசோதனை பயத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போகும். நல்ல மாணவர் குழுக்கள் பெயர்ப்பட்டியலை அன்றே சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திடம் கையளிக்கின்றன. படம் எடுத்து முகநூலில் போடுவதோடு முடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

போரில் காயப்பட்டவர்களுக்கும் இதே கணக்குத்தான். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்குத் தேவை ஒருநாள் முகாம் அல்ல. மாதாமாதம் சிறுநீர்க் குழாய், படுக்கைப் புண்ணுக்கு மருந்துக்கட்டு, காற்று மெத்தை. செயற்கைக் காலுக்கும் ஆயுள் உண்டு. தேய்ந்தால் மாற்ற வேண்டும், வளரும் பிள்ளைக்கு இன்னும் அடிக்கடி. யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் நிலையம் போன்றவை சளைக்காமல் செய்துவரும் வேலை இதுதான். இதற்குப் பெரிய மேடை நிகழ்ச்சி தேவையில்லை. ஒரு மருத்துவபீட அணி, பட்டம் பெற்ற பின்னரும் மாதம் ஒரு சிறு தொகையைச் சேர்த்து ஐந்து நோயாளரைப் பொறுப்பெடுத்தால் போதும்.

பணம் எப்படிச் சேர்கிறது, எங்கே போகிறது

நிதி திரட்டலில் நம் மண்ணுக்கு மிக நெருக்கமான உதாரணம் 2011 ஜூலையில் நடந்த 'ட்ரெயில்' நடைபயணம். நாதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவேயும் முன்னின்று, நாட்டின் தென்முனையான தெவிநுவரவுக்கும் பருத்தித்துறைக்கும் இடையே 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாட்களில் நடந்தார்கள். வழியெங்கும் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து நடந்தனர். சேர்ந்த பணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் சிகிச்சைப் பிரிவு கட்டப் போனது. அதற்கு முன் வடக்கின் புற்றுநோயாளி மகரகமைக்குப் போக வேண்டும். போர்க்காலத்தில் அது எப்படிப்பட்ட பயணம் என்பது தெரிந்ததே. போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில் தெற்கின் மக்கள் வடக்கின் வைத்தியசாலைக்காக நடந்தார்கள் என்பதும் சிறிய விடயமல்ல. கொழும்பு சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு இருதய சிகிச்சைப் பிரிவு அமைக்க, சிறுவர் வைத்திய நிபுணர்கள் தொடங்கிய 'லிட்டில் ஹார்ட்ஸ்' திட்டமும் இந்த வகைதான்.

மாணவர் கையில் சேர்வது இவ்வளவு பெரிய தொகையாக இருக்காது. இசை நிகழ்ச்சி நுழைவுச்சீட்டு, ரீசேர்ட் விற்பனை, நடைபவனி, உணவுச்சாலை, வெளிநாட்டில் இருக்கும் மூத்த அணியினரின் பங்களிப்பு, இப்படித்தான் சேரும். சிறிய பணம் என்பதாலேயே அதை எங்கே போடுவது என்பது முக்கியம். பெறுமதியான இயந்திரம் ஒன்றை வாங்கி, நாடா வெட்டி, படம் எடுத்துக் கையளித்துவிட்டால் வேலை முடிவதில்லை. அதை இயக்கத் தெரிந்த ஆள் வேண்டும், உதிரிப்பாகம் வேண்டும், பரிசோதனைப் பட்டிகளும் இரசாயனமும் தொடர்ந்து வேண்டும். இல்லையேல் ஓராண்டில் அது மூலையில் துணியால் மூடிக் கிடக்கும். வைத்தியசாலை அபிவிருத்திச் சங்கத்திடமும் தாதியரிடமும் முதலில் கேட்டால், அவர்கள் கேட்பது பெரும்பாலும் மலிவான பொருளாகவே இருக்கும்: சக்கர நாற்காலி, திரைச்சீலை, நோயாளர் காத்திருக்கும் இடத்துக்கு மின்விசிறி.

மருந்து நன்கொடையில் இன்னும் கவனம் வேண்டும். 2022 மார்ச் இறுதியில், டொலர் இல்லாமல் மருந்து தீர்ந்து, பேராதனைப் போதனா வைத்தியசாலையில் முன்கூட்டியே திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டபோது புலம்பெயர்ந்தோர் பலர் மருந்து அனுப்பத் துடித்தார்கள். எண்ணம் நல்லது. ஆனால் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் மருந்து கொண்டுவர முடியாது. காலாவதி நெருங்கிய மருந்தும், வேற்று மொழி லேபிள் ஒட்டிய மருந்தும் இங்கே வந்து சுமையாகத்தான் மாறும். வைத்தியசாலை எழுத்தில் தரும் தேவைப் பட்டியலைப் பெற்று, சுகாதார அமைச்சின் நடைமுறையூடாக அனுப்புவதே வழி. பணம் கொடுப்பவர் பற்றுச்சீட்டையும் செலவுக் கணக்கையும் கேட்க வேண்டும். கேட்டால் மாணவர் கோபிக்கமாட்டார்கள். கோபித்தால் கொடுக்காமல் விடலாம்.

இதையெல்லாம் மாணவர் செய்வது அரசாங்கத்துக்கு வசதியாகிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. தோட்ட மருந்தகங்களை அரசாங்கம் முழுமையாகப் பொறுப்பேற்கும் வேலை பல பத்தாண்டுகளாக இழுபடுகிறது. பத்து மாணவர் ஒரு தோட்டத்துக்கு மாதம் ஒருமுறை போனால், அங்கே வைத்தியர் இல்லாத குறை கண்ணில் படாமல் போய்விடலாம். அதற்காகப் போகாமல் இருக்கவும் முடியாது. போய்ப் பார்த்ததை எழுதி, எத்தனை பிள்ளைகள் நிறை குறைந்தவர்கள், எத்தனை பேருக்கு நீரிழிவு இருப்பது அன்றுதான் தெரியவந்தது என்ற கணக்கை மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் மேசையில் வைக்கும் மாணவர் குழு, மாத்திரை கொடுத்துவிட்டு வரும் குழுவைவிடப் பெரிய வேலை செய்கிறது.

பணம் இல்லாதவரும் கொடுக்கக்கூடிய ஒன்று இரத்தம். மருத்துவ மாணவர்கள் நாடெங்கும் நடத்தும் இரத்ததான முகாம்களுக்கும் பங்குண்டு: 2014 முதல் இலங்கையின் இரத்த வங்கி முழுக்க முழுக்கத் தன்னார்வக் கொடையாளரின் இரத்தத்தில்தான் இயங்குகிறது, விலைக்கு வாங்குவதுமில்லை, நோயாளியின் உறவினரைப் பதிலுக்குக் கொடுக்கும்படி வற்புறுத்துவதுமில்லை. 18 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்ட, 50 கிலோவுக்கு மேல் நிறையுள்ள, கடைசியாகக் கொடுத்து நான்கு மாதம் கடந்த ஆரோக்கியமான எவரும் தேசிய அடையாள அட்டையுடன் போகலாம். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும்.