எழுவானும் படுவானும்

மட்டக்களப்புச் செய்திகளை வாசிப்போர் 'படுவான்கரை' என்ற சொல்லை அடிக்கடி கண்டிருப்பர். பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில் நான் அதனை ஓர் ஊரின் பெயரென்றே எண்ணியிருந்தேன். 'படுவான்கரைக் கிராமத்தில்' என்று செய்தியைத் திருத்தி அச்சுக்கு அனுப்பினேன். மறுநாள் தொலைபேசியில் அப்பகுதி நிருபர் சிரித்த சிரிப்பு இன்றும் நினைவிலுள்ளது.

அது ஊரன்று, வாவியின் ஒரு கரை. மட்டக்களப்பு வாவி கடற்கரைக்குச் சமாந்தரமாக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. அதன் கிழக்கே கதிரவன் எழும் பக்கம் எழுவான்கரை. மேற்கே கதிரவன் படும் பக்கம் படுவான்கரை. ஆரையம்பதி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி என்பன முன்னையதில் அடங்கும். கொக்கட்டிச்சோலை, வவுணதீவு, வெல்லாவெளி என்பன பின்னையதில் அடங்கும்.

கிழக்கு, மேற்கு ஆகிய சொற்கள் கீழ், மேல் என்னும் நிலச்சரிவின் அடியாகப் பிறந்தவை. மட்டக்களப்பாரோ கரைகளுக்குப் பெயரிடுகையில் நிலத்தை நோக்காது வானத்தை நோக்கினர். 'படுதல்' என்பது ஞாயிறு மறைதலைக் குறிக்கும் பழந்தமிழ் வழக்கு. ஏட்டில் ஒதுங்கிவிட்ட அவ்வழக்கு இங்கே அன்றாடப் பேச்சில் வாழ்கிறது.

ஆயினும் காலப்போக்கில் இச்சொல்லில் வேறொரு பொருளும் படிந்தது. மாவட்டத்தின் நெல் விளையும் பூமி படுவான்கரையே. எழுவான்கரையில் வாழ்ந்த போடிமார் பலருக்கும் வயல் அங்கேதான் இருந்தது. ஆனால் பெரிய பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் சந்தைகளும் எழுவான்கரையில் வளர்ந்தன. மண்முனைத் துறையில் 'பாதை' எனப்படும் மிதவைக்காக மக்கள் காத்திருந்தனர். கொக்கட்டிச்சோலைப் பகுதியில் 1987இலும் 1991இலும் நிகழ்ந்த படுகொலைகளும், 2007 வரை நீடித்த போரும் அக்கரையை மேலும் தனிமைப்படுத்தின. திசையைச் சுட்டிய சொல், பின்தங்கிய நிலையைச் சுட்டும் சொல்லாயிற்று. 'பட்டுப்போன கரை' என்று பொருள் கூறியோரையும் நான் கேட்டிருக்கிறேன்.

மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டது. துறையில் காத்திருப்பு ஒழிந்தது. சொல்லின் மேல் படிந்த கறை முற்றாக ஒழியவில்லை. செய்தி எழுதும் இளையோர் ஒன்றை மனங்கொள்ளுதல் நன்று: அங்கே படுவது ஞாயிறு மட்டுமே. அந்தக் கரையன்று.