ராஜகோபாலும் நம் தோட்டத்துத் திடல்களும்

வெற்றி தேடித்தந்த பயிற்றுநர் சறுக்கத் தொடங்கினால் அவரை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா? இக்கேள்வி எழும்போதெல்லாம் இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டியைச் சுட்டுவோர் பலர். 2016-இல் யாரும் எதிர்பாராத வகையில் அக்குழுவை வெற்றியாளராக்கிய கிளாடியோ ரனியேரி, ஒன்பதே மாதங்களில், 2017 பிப்ரவரியில் நீக்கப்பட்டார். நமக்கு அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. கே. ராஜகோபாலின் கதை நம் வீட்டுக் கதை.

2009 ஜனவரியில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 0-5 எனத் தோற்றபின் பி. சத்தியநாதன் தேசியக் குழுவின் பொறுப்பை இழந்தார். அவ்வாண்டிலேயே ராஜகோபால் வந்தார். முன்பு சிலாங்கூருக்கு ஆடியவர். டிசம்பரில் வியந்தியானில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் அவருடைய இளைஞர்கள் வியட்நாமை 1-0 என வென்றனர். அந்தத் தங்கத்திற்கு நாம் 20 ஆண்டுகள் காத்திருந்தோம்.

அடுத்த ஆண்டின் சுசுகி கிண்ணத்தைத்தான் ஆசிரியர்கள் சற்று நின்று பார்க்க வேண்டும். முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 1-5. அடுத்து தாய்லாந்துடன் கோலின்றிச் சமநிலை. அந்த இரண்டு ஆட்டங்களை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதியிருந்தால் ராஜகோபாலின் பெயர் இன்று யாருக்கும் நினைவிருக்காது. ஆனால் குழு லாவோசை 5-1 என வென்று அரையிறுதிக்குச் சென்றது, வியட்நாமை வீழ்த்தியது, தன்னை ஐந்து கோல்களால் அவமானப்படுத்திய அதே இந்தோனேசியாவை டிசம்பர் 26-இல் புக்கிட் ஜாலிலில் 3-0 என வென்றது. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் கைருல் ஃபாமி பினால்டியைத் தடுத்தார், சாஃபி சாலி கோலடித்தார். ஆட்டத்தில் 1-2 எனத் தோற்றாலும் மொத்தக் கணக்கில் 4-2 எனக் கிண்ணம் நமதாயிற்று. டிசம்பர் 31 பொது விடுமுறையாக அறிவிக்கப்பட்டது. அக்குழுவில் குணாளன், குருசாமி என்ற பெயர்களைக் கேட்டுத் தோட்டப்புறத்துப் பெரியவர்கள் அடைந்த பூரிப்பைச் சொல்லி மாளாது.

பிறகு இறங்குமுகம். 2011 ஜூலையில் உலகக் கிண்ணத் தகுதிச்சுற்றில் சிங்கப்பூரிடம் 3-5, 1-1 என்ற கணக்கில் வெளியேறினோம். 2012 டிசம்பரில் சுசுகி கிண்ண அரையிறுதியில் தாய்லாந்து தடுத்தது. 2015 ஆசியக் கிண்ணத்திற்கும் தகுதி கிட்டவில்லை. 2013 இறுதியில் முடிந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

இது நன்றிகெட்ட செயல் என்போரோடு எனக்கு உடன்பாடில்லை. கிண்ணத்துக்குப்பின் மூன்றாண்டுகள் கொடுத்தார்கள். ரனியேரிக்கு அது கிட்டவில்லை. என் குறை வேறு. அடுத்து வந்த டோல்லா சாலே 2014-இல் குழுவை இறுதியாட்டம்வரை கொண்டுசென்றார். 2015 செப்டம்பரில் அபுதாபியில் 0-10 எனத் தோற்றோம். அவரும் விலகினார். சத்தியநாதன் விலகக் காரணமான அதே ஐக்கிய அரபு சிற்றரசுகள். கோல் மட்டும் இருமடங்கு! ஆறரை ஆண்டில் மூன்று பயிற்றுநர்களைப் பார்த்தோம். நோய் அவர்களிடம் மட்டுமா இருந்தது?

பயிற்றுநர் ஆட்டக்காரனைச் செதுக்கலாம். உருவாக்கிக் கொடுப்பது திடல். நம் கோலசிலாங்கூர், உலு சிலாங்கூர் வட்டாரத்தில் தோட்டத்துக்கு ஒரு திடல் இருந்த காலம் உண்டு. காலையில் பிரட்டுக்களம், மாலையில் காற்பந்து. பால்மரம் வெட்டியவரும் கிராணி மகனும் ஒரே பந்தின்பின் ஓடினார்கள். பக்கத்துத் தோட்டத்தோடு மோதும் ஞாயிற்றுக்கிழமை ஒரு திருவிழாதான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது அதே நிலத்துக்குக் குறைந்த ஆள் போதுமாயிற்று. பின்னர் நிலமே கைமாறி, புஞ்சாக் ஆலாம் போன்ற புதுநகர்கள் எழுந்தன. பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயாவாகப் பெயர் மாறியது. அதற்கு முன்பே தோட்டத்துச் சனம் வெளியேறத் தொடங்கிவிட்டது. தோட்டம் துண்டாடப்பட்ட இடங்களில் திடலும் சேர்ந்தே போயிற்று. வீடு இழந்தவர்களின் கணக்கை எழுதிய நாம் திடல் இழந்த பிள்ளைகளின் கணக்கை எழுதவில்லை.

இன்று 150 மாணவருக்கும் குறைவான பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்கிறார்கள். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பல அவ்வகையே. அங்கே நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பையன்களை ஒன்றுதிரட்டினாலும் பதினொருவரைத் தேற்றுவது பெரும்பாடு. புறப்பாட நேரம் முடிந்தபின்னும் வெயிலில் நின்று அவர்களைப் பழக்குகிறார் ஓர் ஆசிரியர். ஓராண்டு மாவட்டப் போட்டியில் கிண்ணம் வாங்கித் தந்தால் மாலை போடுகிறோம். நன்றாக ஆடிய பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட, மறு ஆண்டு முதல் சுற்றிலேயே குழு திரும்பினால், "வேறு ஆசிரியரைப் போடுங்கள்" என்ற குரல் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுகிறது. அப்படிக் கேட்பவரிடம் நான் ஒன்றைத்தான் கேட்பது வழக்கம்: உங்கள் பிள்ளை மாலையில் எந்தத் திடலில் ஆடுகிறான்?