முன் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கதவு

லீட்ஸ் நகரை ஒட்டிய ஒரு சிற்றூர். மழை விட்டும் விடாத காலை. பேருந்து நிறுத்தத்தில் எனக்கு முன்னால் ஒரு பாட்டி நின்றிருந்தார். வலக்கையில் ஊன்றுகோல், இடக்கையில் சக்கரம் வைத்த காய்கறிப் பை. வந்து நின்றது சின்ன வண்டிதான். நம் ஊர் மினி பஸ்ஸைவிடச் சற்றே நீளம். நின்றதும் ‘உஸ்’ என்று காற்று இறங்கியது. வண்டியின் இடப்பக்கம் மெல்லச் சரிந்து நடைபாதை விளிம்பை ஒட்டி வந்தது. பாட்டி பையை முன்னால் உருட்டிவிட்டு அதன் பின்னாலேயே உள்ளே போய்விட்டார். ஏறினார் என்று எழுதக் கை வரவில்லை. ஏறுவதற்கு அங்கே படியே இல்லை.

என் அம்மா முழங்கால் வலியோடு பேருந்து ஏறிய காலம் நினைவுக்கு வந்தது. முதல் படி அவர் முழங்கால் உயரத்தில் இருக்கும். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கி வைத்து, மறு காலை இழுத்துக்கொள்வதற்குள் பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். ஒரு கட்டத்தில் அம்மா வெளியே போவதையே விட்டுவிட்டார். கால் வலிதான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். படியைக் குற்றம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த வண்டியின் பெயர் ஆப்டேர் சோலோ. ஊர் வந்து இறங்கியதும் நின்று அதைப் பார்த்தேன். ஏதோ ஒன்று வழக்கத்துக்கு மாறாக இருந்தது. என்னவென்று பிடிபடச் சிறிது நேரம் ஆயிற்று. முன் சக்கரம் வண்டியின் முன் மூலையிலேயே இருந்தது. கதவு அதற்குப் பின்னால். பெரிய பேருந்துகளில் கதவு முதலில், சக்கரம் பிறகு. இதில் தலைகீழ். பெயர் எழுதியிருந்த இடத்தில் நடுவில் உள்ள ‘எல்’ எழுத்தை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் ‘சோ லோ’ என்று பிரித்துப் படித்தால் ‘இவ்வளவு தாழ்வு’ என்று பொருள்.

இந்தக் கதவு இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த கதை நீளமானது.

பழைய லண்டன் மாடி பஸ்ஸைப் படத்திலாவது பார்த்திருப்போம். இன்ஜின் முன்னால், ஏறும் இடம் பின்னால். கதவே கிடையாது, தாழ்வான ஒரு மேடை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. டிக்கெட் கொடுக்க நடத்துநர் தனியாக இருந்தார். 1958இல் லேலண்ட் நிறுவனம் அட்லாண்டியன் என்ற மாடி பஸ்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்ஜின் பின்னால் போயிற்று. கதவு முன் சக்கரத்துக்கும் முன்னால், ஓட்டுநரின் பக்கத்தில் வந்தது. ஓட்டுநரே காசு வாங்கிக்கொள்ளலாம் என்றால் நடத்துநர் சம்பளம் மிச்சம். 1968இன் போக்குவரத்துச் சட்டம் புதுப் பேருந்து வாங்க அரசு மானியம் தந்தது. முதலில் விலையில் கால் பங்கு, 1971 முதல் பாதி. தனி ஒருவர் ஓட்டி, காசும் வாங்கத் தோதான வண்டிகளுக்கே அந்த மானியம். அதற்குப் பிறகு கதவு எங்கே இருக்க வேண்டும் என்று யாரும் விவாதிக்கவில்லை. பணம் தீர்மானித்துவிட்டது. ஏறுகிறவரின் முழங்கால் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

பாதி விலைக்கு வண்டி கிடைத்ததால் ஊர் ஊராக வாங்கிக் குவித்தார்கள். தொழிற்சாலைகள் நிரம்பி வழிந்தன. 1980களின் தொடக்கத்தில் அந்த மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து 1984இல் நிறுத்தினார்கள். ஆர்டர்கள் சரசரவென வற்றின. அந்த ஆண்டே லீட்ஸில் கிராஸ்கேட்ஸ் பகுதியில் தன் வசம் இருந்த சார்லஸ் ரோ தொழிற்சாலையை லேலண்ட் மூடியது.

சார்லஸ் ரோ என்பவர் 1917இல் தொடங்கிய நிறுவனம் அது. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் வேறு இடத்திலிருந்து வரும். இவர்கள் அதன் மேல் பாடி கட்டுவார்கள். கரூரை அறிந்தவர்களுக்கு இந்தத் தொழிலை விளக்க வேண்டியதில்லை. தேக்குச் சட்டம் வைத்துப் பாடி கட்டுவதில் ரோவின் தச்சர்களுக்குப் பெயர் இருந்தது. உலோகச் சட்டம் எங்கும் பரவிய பிறகும் 1960கள் வரை தேக்கை விடாமல் வைத்திருந்தார்கள். அப்படிக் கை பழகிய ஒரு கூட்டம் ஒரே நாளில் தெருவுக்கு வந்தது.

அவர்கள் கலைந்து போயிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆலையின் பழைய மேலாளர் ரசல் ரிச்சர்ட்சன் முன்னின்றார். வேலை இழந்தவர்களில் பலர் தங்களுக்குக் கிடைத்த இழப்பீட்டுப் பணத்தைப் போட்டார்கள். மேற்கு யார்க்ஷயர் உள்ளாட்சியின் தொழில் வளர்ச்சி அமைப்பு கைகொடுத்தது. 1985இல் அதே கிராஸ்கேட்ஸ் கூரைக்குக் கீழே ஆப்டேர் பிறந்தது. லத்தீன் சொல், ‘தேர்ந்தெடுத்தல்’ என்று பொருள். வேலையை இழந்தவர்கள் தங்கள் சேமிப்பைப் போட்டுத் தொடங்கிய கம்பெனிக்கு இதைவிட நல்ல பெயர் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அவர்கள் கடை திறந்த நேரம் மோசமானது. 1986 அக்டோபர் 26ஆம் தேதி லண்டனுக்கு வெளியே பேருந்துத் தொழில் கட்டவிழ்த்து விடப்பட்டது. அறிவிப்புக் கொடுத்துவிட்டு யார் வேண்டுமானாலும் எந்த வழித்தடத்திலும் ஓட்டலாம். மக்களுக்கு இது நல்லது செய்தது என்று நான் நம்பவில்லை. லண்டனுக்கு வெளியே பயணிகள் எண்ணிக்கை அதன் பிறகு சரிந்தது. வண்டி கட்டுபவர்களுக்கோ இது பேரிடி. நாளை இருப்போமா என்று தெரியாத முதலாளி பெரிய பஸ் வாங்கமாட்டார்.

வாங்கியது என்ன? ரொட்டி வண்டி. மக்கள் வைத்த பெயர்தான் அது. 1984இலேயே எக்ஸிட்டர் நகரில் டெவன் ஜெனரல் நிறுவனம் ஃபோர்ட் ட்ரான்சிட் வேன்களுக்கு 16 இருக்கை போட்டு, சில நிமிடத்துக்கு ஒன்று என ஓட்டிக் காட்டியிருந்தது. எல்லோரும் அந்த வழியைப் பிடித்துக்கொண்டார்கள். சரக்கு ஏற்றப் பிறந்த வேன் அது. சன்னல் வெட்டி, இருக்கை பொருத்தி, பக்கத்தில் ஒரு கதவு. உள்ளே போகக் குனிந்து, செங்குத்தான படிகளில் ஏறி, மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். கைக்குழந்தைக்காரி தள்ளுவண்டியை மடக்கி ஒரு கையில் தூக்கியாக வேண்டும். ஆனால் அடிக்கடி வந்தது. குடியிருப்புச் சந்துகளுக்குள்ளும் நுழைந்தது. பெரிய பஸ் தராத ஒன்றை அது தந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆப்டேர் அந்தச் சந்தைக்குள்தான் நுழைந்தது. 1986இல் ஃபோக்ஸ்வாகன் சேசிஸ் மேல் சிட்டிபேசர் என்ற சின்ன பஸ்ஸைக் கட்டினார்கள். சரிந்து இறங்கும் அகன்ற ஒற்றைக் கண்ணாடி முகம். வேன் என்று யாரும் சொல்லமுடியாத ஒரு சின்ன பஸ். அதன் பிறகு எம்சிடபிள்யூ என்ற பெரிய நிறுவனம் கதவைச் சாத்தியபோது அதன் மெட்ரோரைடர் வடிவமைப்பை ஆப்டேர் வாங்கியது. வேனிலிருந்து வெட்டியதல்ல, பஸ்ஸாகவே பிறந்த சின்ன வண்டி அது. நன்றாக விற்றது. ஆனாலும் இன்ஜின் முன்னால், ஓட்டுநருக்குப் பக்கத்தில். வாசலில் படிகள்.

இடையில் கம்பெனியும் கைமாறியது. 1990இல் டச்சுக்காரர்களின் யுனைடெட் பஸ் குழுமத்தில் சேர்ந்தார்கள். 1993இல் அந்தக் குழுமமே திவாலானது. நிர்வாகிகள் ஆப்டேரை மட்டும் மீட்டெடுத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஐரோப்பாவிலிருந்து தாழ்தளப் பேருந்து பிரிட்டனுக்கு வந்து சேர்ந்தது. 1990களின் நடுவில் லண்டனில் சில தடங்களில் ஓடத் தொடங்கியது. மாற்றுத் திறனாளிகள் வெஸ்ட்மின்ஸ்டர் தெருவில் உட்கார்ந்து, பேருந்துகளோடு தங்களை விலங்கிட்டுப் பூட்டிக்கொண்டு போராடிய காலம் அது. 1995இல் பாகுபாட்டுத் தடைச் சட்டம் நிறைவேறியது. இனி வரும் பேருந்துகளில் சக்கர நாற்காலி ஏறியாக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பெரிய வண்டிக்கு வழி இருந்தது. சின்ன வண்டிக்கு?

இங்கேதான் சிக்கல். தாழ்தளப் பெரிய பஸ்ஸில் கதவு முன்னால் இருப்பதால், ஏறியவர் இரண்டு முன் சக்கரக் கூண்டுகளுக்கு நடுவே நடந்துதான் உள்ளே போக வேண்டும். இரண்டரை மீட்டர் அகல வண்டியில் அதற்கு இடம் இருக்கும். அகலம் குறைந்த வண்டியில் இரு கூண்டுகளும் இருபுறமும் நெருக்கினால் சக்கர நாற்காலி நடுவில் சிக்கிக்கொள்ளும். சக்கரத்தைச் சிறிதாக்கவும் ஓர் அளவு உண்டு. இன்ஜின் முன்னால் இருந்தாலோ தளத்தைத் தாழ்த்தவே முடியாது.

ஆப்டேர் இன்ஜினைப் பின்னால் தள்ளியது. முன் சக்கரத்தை முன்னால் தள்ள முடிந்த மட்டும் தள்ளியது. ஓட்டுநர் அந்தச் சக்கரத்தை ஒட்டி உட்கார்ந்தார். இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, எதுவும் குறுக்கிடாத தட்டையான தளம் கிடைத்தது. வண்டியிலேயே ஆகத் தாழ்வான இடம் அதுதான். கதவை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். ஏறுபவர் சக்கரங்களுக்கு நடுவே நடக்கவே வேண்டாம். சக்கரம் அவருக்கு முன்னால், ஓட்டுநரோடு போய்விட்டது. தனிச் சேசிஸ் இல்லாமல் வண்டி முழுவதையும் ஒரே கூடாகக் கட்டியதால்தான் இப்படிச் செய்ய முடிந்தது. வேறொருவரின் சேசிஸ் மேல் பாடி கட்டியே காலம் கழித்த ஓர் ஆலையில் பிறந்த யோசனை இது என்பதுதான் எனக்கு வியப்பு. ஆனால் யோசித்தால், அடுத்தவன் சேசிஸ் விதித்த படியின் உயரத்தோடு ஆயுள் முழுக்க மல்லுக்கட்டியவர்களுக்குத்தானே அதைத் தூக்கி எறியும் ஆசை அதிகம் இருந்திருக்கும்.

யோசித்துப் பார்த்தால் கதவின் இடம் புதியதும் அல்ல. ரொட்டி வண்டியிலும் கதவு முன் சக்கரத்துக்குப் பின்னால்தான் இருந்தது. அங்கே வேனின் கட்டாயத்தால் அமைந்தது, இங்கே ஏறுகிறவருக்காக அமைந்தது.

1997இல் சோலோவை அறிமுகப்படுத்தினார்கள். 1998இல் சாலைக்கு வந்தது. எட்டரை மீட்டரில் ஒன்று, ஒன்பது சொச்சத்தில் ஒன்று. பிறகு குட்டையாகவும் நெட்டையாகவும் ஒல்லியாகவும் பல அளவுகள். 2000இல் வந்த அணுகல் விதிமுறைகள் கெடு வைத்தன: ஏழரை டன் வரையிலான பேருந்துகளுக்கு 2015 தொடக்கம், அதற்கு மேற்பட்ட ஒற்றைத் தள வண்டிகளுக்கு 2016, மாடி பஸ்ஸுக்கு 2017. சின்ன ஊர்களின் முதலாளிகள் ரொட்டி வண்டிகளைக் கழித்துவிட்டு சோலோவை வாங்கினார்கள். சந்தை, மருத்துவமனை, மேட்டுக் குடியிருப்பு என்று சுற்றும் தடங்களுக்கு அது வாகாக இருந்தது. உள்ளாட்சிகளும் தங்கள் பங்குக்கு நிறுத்தங்களில் நடைபாதை விளிம்பை உயர்த்திக் கட்டின. வண்டி தாழ்ந்தது, தரை உயர்ந்தது. இரண்டும் சந்தித்த இடத்தில்தான் அந்தப் பாட்டி பையை உருட்டிக்கொண்டு நடந்தார்.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். லேலண்ட் மூடிய ஆலையில் ஆப்டேர் பிறந்தது என்றேன். அந்த லேலண்டுக்கு எண்ணூரில் ஓர் உறவு இருந்தது. 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, லேலண்டின் கூட்டோடு 1955இல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனி. பிரிட்டனின் லேலண்ட் பஸ் 1988இல் வோல்வோ கைக்குப் போய், பின்பு பெயரே இல்லாமல் மறைந்தது. எண்ணூரில் அந்தப் பெயர் வாழ்ந்தது. 2010இல் அசோக் லேலண்ட் ஆப்டேரில் 26 சதவீதப் பங்கை வாங்கியது. 2012இல் அதை 75 சதவீதத்துக்கு மேல் உயர்த்தி ஆப்டேரைத் தன் வசமாக்கியது. அதற்குள் ஆலை கிராஸ்கேட்ஸை விட்டு, லீட்ஸுக்கும் யார்க்குக்கும் நடுவே உள்ள ஷெர்பர்னுக்கு இடம் பெயர்ந்திருந்தது. லீட்ஸின் தச்சர்களைக் கைவிட்ட பெயர், சென்னை வழியாகச் சுற்றி அவர்களுடைய வாரிசிடமே திரும்பி வந்தது.

2020இல் ஆப்டேர் என்ற பெயரும் போய் ஸ்விட்ச் ஆனது. அதன் மெட்ரோடெக்கர் மின்சார மாடி பஸ்கள் யார்க்கிலும் லண்டனிலும் ஓடின. சீனத்து யூடோங்கும் பிஒய்டியும் பிரிட்டிஷ் டிப்போக்களுக்குள் வந்துவிட்டன. பாலிமீனாவின் ரைட்பஸ் என்ற பஸ் நிறுவனம் 2019இல் திவாலாகி, புதிய உரிமையாளர் வந்து பிழைத்தது. இத்தனைக்கும் நடுவே தாக்குப்பிடிப்பது எளிதல்ல. 2025 மார்ச்சில், ஷெர்பர்னில் உற்பத்தியை நிறுத்துவது பற்றி ஊழியர்களோடு கலந்துபேசப் போவதாக அறிவிப்பு வந்தது. அதைப் படித்தபோது 1984இன் கிராஸ்கேட்ஸ்தான் எனக்குக் கண்ணில் நின்றது. அன்று தங்கள் பணத்தைப் போட்டு ஆலையைத் திறந்தவர்களில் சிலருடைய பிள்ளைகள் அப்போது ஷெர்பர்னில் வேலை பார்த்திருக்கலாம்.

அதே ஆண்டு ஜூன் 30ஆம் தேதி, சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரத் தாழ்தளப் பேருந்துகள் கிளம்பின. ஸ்விட்ச் கட்டியவை. பன்னிரண்டு மீட்டர் நீளம். சோலோவைப் போலச் சின்ன வண்டி இல்லை. ஒரு நாள் மாலை அவற்றில் ஒன்றுக்குக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் இடுப்பில் கூடையோடு ஓர் அம்மாள். வண்டி நடைபாதையை ஒட்டி நின்றது, கதவு திறந்தது. கூடையை இறக்கவும் இல்லை, கம்பியைத் தேடவும் இல்லை. ஓர் எட்டு வைத்தார், உள்ளே இருந்தார்.