செக்கும் தராசும்

கிண்டி காந்தி மண்டபத்தில் வ.உ.சி. இழுத்த செக்கு இருக்கிறது. விடுதலைக்குப் பின் அவர் வைத்த கடையின் தராசு எங்கும் இல்லை. தியாகி என்கிற பிம்பத்துக்குச் செக்கு போதும். கடன், முதல், பாக்கி எல்லாம் வந்தால் பிம்பம் கலைந்துபோகும்.

1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சிறை முடிந்தும் தண்டனை முடியவில்லை என்றுதான் இதை வாசிக்கிறேன். சட்டம் தெரிந்த மனுஷன் சென்னையில் சில்லறை வியாபாரம் செய்து பார்த்தார், ஓடலை.

தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிக் காந்தியிடம் கொடுத்த பணம் ஒன்று உண்டு. பல கடிதங்களுக்குப் பிறகு 1916இல்தான் கைக்கு வந்தது, 347 ரூபாய் 12 அணா. காந்தி நல்லவரா கெட்டவரா என்ற பட்டிமன்றம் எனக்கு வேண்டாம். முதல் இல்லாமல் கடை வைத்தவனுக்கு அந்த வருஷங்கள் எப்படிப் போயிருக்கும்? கைமாத்துக்கு அலைந்தவர்களுக்குத் தெரியும். இன்றும் சிறையிலிருந்து வருகிறவனுக்குத் தையல் மிஷின் கொடுத்து போட்டோ எடுக்கிறோம். கடை வாடகைக்குக் கேட்டால், “கேஸ் இருக்கா?”

திருநெல்வேலியிலேயே அவரை அறிந்திருந்த நீதிபதி வாலஸ்தான் பின்னாளில் சன்னது திரும்பக் கிடைக்க உதவினார். வ.உ.சி. மறுபடி கோர்ட்டுக்குப் போனார். மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார்.