தந்தி முதல் வாட்சப் வரை: செய்தியின் அந்தரங்கம்

தந்தி என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நெஞ்சம் துணுக்குறும் அநுபவம் நம் காலனியில் நாற்பது வயதைக் கடந்த யாவருக்கும் உண்டு. ஊரை விட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் பிழைக்க வந்த குடும்பங்களுக்குத் தந்தி பெரும்பாலும் துக்கச் செய்தியையே கொணர்ந்தது. எம் பாட்டியார் காலமானபோது வந்த தந்தியை எம் தந்தையார் பிரித்துப் படிக்குமுன்பே வாசலில் நான்கு பேர் கூடி நின்றனர். எவரும் களவாகப் பார்த்தாரில்லை. ஊரில் எழுதிக் கொடுத்ததை ஒரு குமாஸ்தா படித்து அனுப்பினார். இங்கு மற்றொருவர் வாங்கி எழுதினார். கொண்டுவந்த சேவகரும் அறிந்திருந்தார். செய்தியைச் சுமப்பவன் அதைப் படித்தே தீரவேண்டும் என்பது தந்தியின் இயல்பு.

இந்நாட்டில் முதல் தந்திக் கம்பி கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே 1851-ல் இயங்கத் தொடங்கிற்று. அதை அமைத்தவர் ஓஷாநெஸி என்னும் மருத்துவர். 1855-ல் அது பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. 1885-ல் இயற்றிய தந்திச் சட்டத்தின் 5-ஆம் பிரிவும், 1898-ல் இயற்றிய அஞ்சலகச் சட்டத்தின் 26-ஆம் பிரிவும், பொது நெருக்கடி போன்ற காரணங்களைக் காட்டிச் செய்தியை இடைமறிக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் அளித்தன. ஆட்சி மாறியபின்னும் அச்சட்டங்கள் நிலைத்தன. 2023-ல் இயற்றிய புதிய தொலைத்தொடர்புச் சட்டத்திலும் அஞ்சலகச் சட்டத்திலும் அவ்வதிகாரம் இடம்பெற்றுள்ளது.

அவ்வதிகாரம் எவ்வளவு தூரம் செல்லலாம் என்ற வழக்கில், தமிழராகிய நாம் நினைவிற் கொள்ளத்தக்க ஒரு கட்டம் உண்டு. 1986-ல் அஞ்சலகச் சட்டத் திருத்த மசோதா ஒன்று நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. கடிதங்களைத் தடுக்கவும் பிரிக்கவும் அது வழங்கிய அதிகாரம் மிக விரிந்தது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அதற்கு ஒப்புதல் அளிக்கவுமில்லை, திருப்பி அனுப்பவுமில்லை, வைத்துக்கொண்டார். அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்தவர் பட்டுக்கோட்டையை அடுத்த இராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன். அவர் அதனை மறு ஆலோசனைக்குத் திருப்பி அனுப்பினார். 2002-ல் அம்மசோதா திரும்பப் பெறப்பட்டது. கோப்பை மேசையிலேயே வைத்துக்கொள்வதும் சில வேளை நாட்டுத்தொண்டாகும் என்று ஆபீசில் எவரும் நமக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை!

பின்னர் 1996-ல் தொலைபேசி ஒட்டுக்கேட்டலுக்குச் சுப்ரீம் கோர்ட்டு வரம்பு கட்டியது. உள்துறைச் செயலாளர் நிலையில் உத்தரவு வேண்டும், அவ்வுத்தரவுக்குக் கால எல்லை வேண்டும், அதைப் பரிசீலிக்க ஒரு குழு வேண்டும் என்றது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தனர்.

இவ்வளவும் ஓர் உண்மையின்மீது எழுந்தவை. சுமப்பவனால் படிக்க முடியும். படிக்கலாமா, கூடாதா என்பதே வழக்கு. 2016 ஏப்ரலில் வாட்சப் நிறுவனம் தன் பயனர் அனைவரின் செய்திகளையும் முனைக்கு முனை பூட்டியபோது அந்த அடிப்படையே மாறிற்று. சுமக்கும் நிறுவனத்தாலேயே இப்போது படிக்க இயலாது. இதன் வேர் 1976-ல் டிஃபி, ஹெல்மன் என்னும் இரு அமெரிக்க அறிஞர் வெளியிட்ட கட்டுரையில் உள்ளது. எளிமையாகச் சொல்வதாயின், நம் திறந்த பூட்டை யாருக்கு வேண்டுமாயினும் கொடுத்து வைக்கலாம். அதைக் கொண்டு பெட்டியைப் பூட்டுதல் எவர்க்கும் எளிது. திறக்கும் சாவியோ நம் கைப்பேசியை விட்டு வெளியே போவதில்லை.

பூட்டைக் கொடுத்தவர் மெய்யாகவே நம்மவர்தாமா என்ற ஐயம் எழலாம். ரயில்வேக்காரருக்கு இது புதிதன்று. தொலைபேசியில் லைன் கிளியர் தரும் ஸ்டேஷன் மாஸ்டர், தம்மிடமுள்ள தாளிலிருந்து ஒரு பிரைவேட் நம்பரையும் சொல்வார். ஒழுங்கின்றி அச்சிட்ட அவ்வெண்களில், ஒருமுறை வழங்கியது அடிக்கப்படும். வண்டியின் பாதுகாப்பு அவ்வெண்ணில் அடங்கியுள்ளது. வாட்சப்பிலும் இருவர் தம்முள் ஒப்பிட்டுப் பார்க்க 60 இலக்க எண் ஒன்று உண்டு. அதை ஒப்பிட்டவர் ஒருவரையும் நம் காலனியில் நாம் கண்டதில்லை.

இப்பூட்டினால் தீமையே இல்லை என்று சொல்லத் துணியோம். 2018-ல் பிள்ளை பிடிப்போர் வந்திருப்பதாகப் பொய்ச் செய்தி கைப்பேசிகளில் பரவி, நம் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் நிரபராதிகள் அடித்துக் கொல்லப்பட்டனர். ஊருக்குப் புதியவர் என்பதே அவர்களிற் பலர் செய்த குற்றம். அயல்மொழிப் புலத்தில் வாழும் நாம் இதனை எளிதில் மறக்கலாகாது. அவ்வாண்டு ஜூலையில் அந்நிறுவனம், ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்குமேல் ஒருசேர முன்னனுப்பலாகாது என்று இந்தியாவில் வரம்பு வைத்தது. 2021-ல் மத்திய அரசாங்கம், ஒரு செய்தியை முதலில் எழுதியவர் யாரெனக் கேட்டால் காட்டவேண்டும் என விதி செய்தது. அதை எதிர்த்து நிறுவனம் டில்லி உயர்நீதிமன்றம் சென்றது. பூட்டை உடைக்கச் சொன்னால் நாட்டை விட்டே வெளியேறுவோம் என 2024 ஏப்ரலில் அங்கு கூறிற்று. எம் அபிப்பிராயத்தில், ஒரு பொய்யனைப் பிடிக்க ஊரார் கடிதம் யாவற்றிலும் அடையாளமிடுதல் தகாது. ஐந்து என்னும் அவ்வரம்பு போன்ற வழியே மேல்.

பூட்டு உறுதிப்பட்டபின் கள்வன் முனைகளை நாடுகிறான். 2019-ல் பெகாசஸ் என்னும் உளவுக் கருவி உலகெங்கும் சுமார் 1,400 கைப்பேசிகளைக் குறிவைத்ததாக வாட்சப்பே அறிவித்தது. பூட்டு முறியவில்லை, வீட்டினுள் ஒற்றன் புகுந்தான். யாருடன் எப்போது பேசினோம் என்பதும் பூட்டுக்கு வெளியேதான் நிற்கிறது. டெலிகிராம் என்று தந்தியின் பெயரையே பூண்ட செயலியிலோ, இரகசிய உரையாடல் எனத் தனியே தொடங்கினாலன்றி முனைக்கு முனை பூட்டு இல்லை.

ஒற்றனும் வேண்டா. தொலைபேசியில் கேட்ட எவனோ ஒருவனுக்குத் தம் ஆறு இலக்க எண்ணைச் சொல்லிவிட்டுக் கணக்கை இழந்த பெரியவர் ஒருவர் நம் காலனியிலேயே உளர். அன்று மாலை அவர் பெயரில், அவசரமாகப் பதினைந்தாயிரம் ரூபாய் வேண்டும் என எமக்கு ஆங்கிலத்தில் செய்தி வந்தது. இருபது ஆண்டுப் பழக்கத்தில் அவர் எம்முடன் ஒருநாளும் ஆங்கிலம் பேசினாரல்லர். செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த வரிசையிலுள்ள அவர் குவார்ட்டர்ஸுக்கு நடந்தோம். அவர் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.