குழாய் மூழ்கிய கடல்

காயல்பட்டினத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் முத்தில் தொடங்கி, பாண்டியர்க்கு வந்திறங்கிய அரபுக் குதிரைகளைத் தொட்டு, மரைக்காயர்களின் மரக்கலங்களோடு முடித்துவிடுவது வழக்கம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டெழுதிய காயல் துறைமுகம் பழையகாயலே என்றார் கால்டுவெல். காயல்பட்டினத்தார் அது தம் ஊரே என்பர். அந்த வழக்கை இங்கே தீர்க்கப்போவதில்லை. அதே கடலில், நம் காலத்திலேயே நிகழ்ந்து, உள்ளூர் வரலாறுகள் எதிலும் ஒரு பத்திகூடப் பெறாத ஒரு முயற்சியைப் பற்றியே இக்கட்டுரை பேச விரும்புகிறது. முத்தெடுத்த கடலிலிருந்து மின்சாரம் எடுக்க முனைந்த கதை அது.

கடல்நீர் மேலும் கீழும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. மன்னார் வளைகுடாவுக்குத் தெற்கே, ஆழ்கடலின் மேற்பரப்பு நீர் 28, 29 பாகை செல்சியஸ் வெம்மையில் இருக்கும்போது, ஆயிரம் மீட்டர் ஆழத்து நீர் ஏழு பாகை அளவில் குளிர்ந்து கிடக்கிறது. அம்மோனியா மிகக் குறைந்த வெப்பத்திலேயே கொதிப்பது. மேல்நீரின் சூட்டைக் கொண்டு அதை ஆவியாக்கிச் சுழலியை ஓட்டலாம்; ஆழத்து நீரின் குளிரைக் கொண்டு அந்த ஆவியை மீண்டும் திரவமாக்கலாம். நிலக்கரியும் வேண்டாம், புகையும் இல்லை, இரவிலும் நிற்காது. கேட்பதற்கு இத்தனை எளிதாக இருப்பதுதான் இதன் ஆபத்து. இருபத்திரண்டு பாகை வேறுபாட்டிலிருந்து இயற்கை விதிப்படி அதிகம் போனால் நூற்றுக்கு ஏழு பங்கு வெப்பத்தையே வேலையாக மாற்ற இயலும். நடைமுறையில் மூன்று பங்கு கிட்டினால் பெரிது. ஆகவே சிறிதளவு மின்சாரத்துக்கும் ஒரு சிற்றாறு அளவு குளிர்நீரைப் பாதாளத்திலிருந்து மேலே இழுத்தாக வேண்டும். இந்தத் தொழில்நுட்பத்தின் உயிர்நிலை சுழலியில் இல்லை, குழாயில்தான் இருக்கிறது.

இந்தக் கருத்தை முதலில் முன்வைத்தவர் பிரெஞ்சு அறிவியலாளர் தார்சொன்வால், 1881-இல். (கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாறு வெளிவந்ததும் அதே ஆண்டுதான் என்பது தற்செயல், ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை.) அவருடைய மாணவர் ஜார்ஜ் கிளாடு, நியான் விளக்கைக் கண்டவர், 1930-இல் கியூபாவின் மத்தான்சாஸ் விரிகுடாவில் அதைச் செய்து காட்டினார். முதல் குழாயைக் கடல் கொண்டது. இரண்டாம் குழாயும் போயிற்று. மூன்றாவதைப் பொருத்தி 22 கிலோவாட் எடுத்தார். அதைவிடக் கூடுதலான மின்சாரத்தை அவருடைய நீரேற்றிகள் உண்டன. சில நாட்களில் புயல் அந்தக் குழாயையும் சிதைத்தது. சில ஆண்டுகள் கழித்துப் பிரேசில் கரைக்கு அப்பால் ஒரு கப்பலில் மீண்டும் முயன்றார். அங்கும் தோற்றது குழாய்தான்.

நம் கரை இதற்குப் பொருத்தமானது என்று கருதப்பட்டதன் காரணம் கடலடியின் அமைப்பில் இருக்கிறது. தூத்துக்குடிக்கு எதிரே முத்துச்சிப்பி விளையும் 'பார்'கள் பத்துப் பன்னிரண்டு பாகத்துக்குள் அடங்குபவை. மூச்சடக்கி இறங்கும் மனிதன் எட்டக்கூடிய ஆழம். அங்கிருந்து தென்கிழக்கே செல்லச்செல்லக் கடலடி சரிந்து ஆயிரம் மீட்டருக்கும் கீழே போகிறது. நடுவரைக்கு அருகிலிருப்பதால் மேல்நீரின் வெம்மையும் ஆண்டு முழுதும் பெரிதாகக் குறைவதில்லை. 1973-இன் எண்ணெய் நெருக்கடி உலகையே மாற்று வழி தேட வைத்திருந்த பின்னணியில், 1980-இல் கவரத்தி, அந்தமான் ஆகியவற்றோடு குலசேகரன்பட்டினக் கரையும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. காயல்பட்டினத்திலிருந்து திருச்செந்தூரைத் தாண்டினால் குலசை. இன்று அந்தப் பெயரைக் கேட்டால் தசரா நினைவுக்கு வரும், அல்லது 2024-இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஏவுதளம். 1984-இல் சென்னை ஐ.ஐ.டி., ஒரு மெகாவாட் மிதவை மின்நிலையத்துக்கான முதல்நிலை வடிவமைப்பை ஆயத்தம் செய்தது. அதற்குள் தூத்துக்குடி அனல் மின்நிலையம் 1979 முதல் கப்பலில் வந்த நிலக்கரியைக் கொண்டு ஓடத் தொடங்கிவிட்டது. பின்னாளில் அது 1050 மெகாவாட்டாக வளர்ந்தது. ஆயிரத்து ஐம்பதுக்கு எதிரே ஒன்று! ஒரு கனவு எத்தனைச் சிறிய அளவில் தொடங்க வேண்டியிருந்தது என்பதை இந்த எண்களே சொல்லும்.

வடிவமைப்பு ஏட்டிலேயே பல்லாண்டு உறங்கியது. 1993-இல் சென்னையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் உருவானது. 1997-இல் அது ஜப்பானின் சாகா பல்கலைக்கழகத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டது. 'சாகர் சக்தி' என்று பெயரிடப்பட்ட மிதவைக் கலத்தில் டைட்டானியத் தகடுகளாலான வெப்பமாற்றிகளும் அம்மோனியாச் சுழலியும் பொருத்தப்பட்டன. ஒரு மெகாவாட்டில் ஏறத்தாழப் பாதி, நீரேற்றிகளை ஓட்டுவதற்கே போய்விடும் என்பது முன்கூட்டியே கணக்கிடப்பட்டிருந்தது. ஓராண்டு இங்கே செய்து காட்டுவது, பிறகு கலத்தை அந்தமானுக்குக் கொண்டு செல்வது, அடுத்து 10 முதல் 25 மெகாவாட் வரையிலான நிலையங்கள், அதன்பின் நூறு மெகாவாட் அளவிலான வணிக நிலையங்கள் என்று திட்டம் படிப்படியாக விரிந்தது.

குறுக்கே நின்றது குழாய். ஒரு மீட்டர் விட்டமும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமும் கொண்ட பாலிஎத்திலீன் குழாய் அது. வினாடிக்கு ஆயிரம் லிட்டருக்கும் மேலான நீர் அதன் வழியே ஏற வேண்டும். பாலிஎத்திலீன் நீரைவிடச் சற்று இலேசானது. துண்டுகளை உருக்கி ஒட்டி, மிதக்கவிட்டு இழுத்துச் சென்று, எடையேற்றி ஆழத்தில் செங்குத்தாக நிறுத்துவதே இத்தகைய குழாய்களை நிறுவும் முறை. அலையும் நீரோட்டமும் கலத்தை ஒரு பக்கம் இழுக்க, எடை மறுபக்கம் இழுக்க, அந்தச் சில மணி நேரங்களில்தான் எல்லாம் தீர்மானமாகும். 2001-க்கும் 2003-க்கும் இடையில் இக்கடலில் நடந்த முயற்சிகள் அந்தக் கட்டத்தில் தோற்றன. குழாய் கைவிட்டுப் போயிற்று. சுழலி கடல்நீரின் சூட்டில் ஓடுகிறதா என்று பார்ப்பதற்கான வாய்ப்பே வரவில்லை.

இந்த இடத்தில் முத்துக்குளிப்பை நினைவுகூராமல் எழுதுவது கடினம். காலில் கல்லைக் கட்டி இறங்கியவனின் உயிர், தோணியில் நின்று கயிற்றைப் பிடித்திருந்தவன் கையில் இருந்தது. சுறா வாயைக் கட்ட மந்திரம் ஓதும் 'கடல்கட்டி'க்கும் அங்கே பங்கு உண்டு. அவர்களை மார்க்கோ போலோவும் குறிப்பிடுகிறார். பரதவரின் கடலறிவைக் கேட்டிருந்தால் குழாய் தப்பியிருக்கும் என்று எழுதி முடித்துவிட்டால் கட்டுரைக்கு ஓர் அழகு கிடைக்கும். ஆனால் அது உண்மையாகாது. பத்துப் பாக ஆழத்தின் அறிவு ஐந்நூறு பாகத்துக்குப் பயன்படாது. இல்லாமல் போனது வேறோர் அறிவு: கடலுக்கடியில் எண்ணெய்க் குழாய் இறக்கிப் பழகிய நிறுவனங்களிடம் பல்லாண்டுத் தவறுகளால் சேர்ந்திருந்த வேலைப் பழக்கம். வெப்ப இயக்கவியலை ஜப்பானிலிருந்து பெற முடிந்தது. அந்தப் பழக்கம் உடன்படிக்கையில் வருவதன்று.

இது ஊகமன்று என்பதற்கு நிலத்தடியிலிருந்தே சான்று காட்டலாம். திருகோணமலைக் கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகளை நாம் அறிவோம். அங்கே சூட்டை மேலே கொணர்வது இயற்கையே பாய்ச்சும் நீர். அப்படி நீரில்லாத வறண்ட பாறையில் நாமே துளையிட்டு, அழுத்தத்தில் நீரைச் செலுத்தி, பாறையில் வெடிப்புகளை விரித்து, சூடேறிய நீரை வேறொரு துளை வழியே எடுக்கலாம் என்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், ஃபென்டன் ஹில் என்னுமிடத்தில் 1970-களில் தொடங்கினார்கள். அறிவியல் பிழையற்றது, வணிகம் மட்டும் ஐம்பது ஆண்டுகள் கைக்கு எட்டவில்லை. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 2006-இல் இதனால் நிலம் அதிர்ந்து திட்டமே கைவிடப்பட்டது. தென்கொரியாவின் போஹாங்கில் 2017-இல் நேர்ந்த நிலநடுக்கம் பலரைக் காயப்படுத்தியது. அதைத் தூண்டியது இத்தகைய திட்டமே என்று அரசு அமைத்த ஆய்வுக்குழு 2019-இல் அறிவித்தது. 2023-இல் ஃபெர்வோ என்னும் நிறுவனம் நெவாடாவில் 3.5 மெகாவாட் அளவுக்கு இதைச் செய்து காட்டியபோது, அதற்கு வழி திறந்தது புதிய தத்துவம் ஏதுமில்லை. பாறை எரிவாயுத் தொழிலில் கைபடிந்த கிடைமட்டத் துளையிடல்தான். வேறொரு தொழில் தன் இலாபத்துக்காகச் செய்து தேறிய கைவேலையை இந்தத் துறை கடன் வாங்கிக்கொண்டது. கடல்வெப்ப மின்சாரத்துக்கு அப்படிக் கடன் தர நம் கரையில் அன்று எவருமில்லை.

பிறகு நடந்ததுதான் எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி. தோற்ற குழுவினர் கலைந்துவிடவில்லை; குறைந்த ஆழத்துக்கு, சிறிய குழாய்க்கு இறங்கி வந்தார்கள். வெம்மையான மேல்நீரைக் காற்றழுத்தம் குறைந்த கலனுக்குள் விட்டால் ஒரு பகுதி ஆவியாகும். அந்த ஆவியை ஆழத்துக் குளிர்நீரால் குளிர்வித்தால் குடிநீர். 2005-இல் இலட்சத்தீவின் கவரத்தியில் நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லிட்டர் தரும் நிலையம் ஓடத் தொடங்கியது. அங்கே 350 மீட்டர் ஆழத்து நீரே போதுமாயிருந்தது. 2007-இல், தூத்துக்குடிக் கடலில் தோற்றுத் திரும்பிய அதே சாகர் சக்தி, சென்னைக்கு எதிரே ஆழ்கடலில் நாளுக்குப் பத்து இலட்சம் லிட்டர் நன்னீர் எடுக்கும் சோதனைக்குத் தளமாயிற்று. 2011-இல் மினிக்காய், அகத்தி தீவுகளுக்கும் அந்த நீர் வந்தது. கிணற்று நீரின் உவர்ப்பைக் குடித்தே பழகிய தீவு மக்களுக்கு இது சிறிய செய்தியன்று. நம் கரையூர்களின் பெண்களுக்கும் அந்த உவர்ப்பு தெரியும்.

ஜப்பானின் குமே தீவிலும் ஏறத்தாழ இதுவே நிகழ்ந்தது. 2000-இல் அங்கே ஆழ்நீர்க் குழாய் இறக்கப்பட்டது மீன்வளத்துக்கும் வேளாண்மைக்கும் உதவ. இறால் வளர்ப்பவர்கள் அந்தக் குளிர்நீரைப் பயன்கொண்டார்கள். 2013-இல் அதே நீரைக் கொண்டு 100 கிலோவாட் மின்சாரச் சோதனை நிலையம் எழுந்தது. மின்சாரத்துக்காகவே குழாய் இறக்கினால் கணக்கு கட்டுபடியாவதில்லை. வேறொன்றுக்காக இறக்கிய குழாயில் மின்சாரம் உடன்வரலாம். நூறு மெகாவாட் கனவைத் தொடக்கத்திலேயே ஓரமாக வைத்து, ஒரு தீவின் தாகத்திலிருந்து தொடங்கியிருந்தால் நம் கதை வேறாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

கவரத்தியில் நன்னீர் தரும் நீரேற்றிகளை ஓட்ட டீசல் மின்சாரம் வேண்டியிருந்தது. கப்பலில் டீசல் வர வேண்டும்; மழைக்காலத்தில் கப்பல் வருவது அரிது. அந்த மின்சாரத்தையும் கடல்வெப்பத்திலிருந்தே பெறும் பொருட்டு 65 கிலோவாட் நிலையம் ஒன்றை அங்கே நிறுவும் பணியை அதே கழகம் மேற்கொண்டது. 1980-இல் குலசேகரன்பட்டினத்தோடு ஒரே பட்டியலில் இடம்பெற்றிருந்த கவரத்திதான் அது.